லித்தியம் வட்டில் திட்டுத்திட்டாகக் கறுப்பு, 150 மணிக்குப் பின் வோல்டேஜ் விழுகிறது. ஏன்?

கேள்வி:
பேட்டரிக்கான லித்தியம் மின்முனையின் மேல் ஜிங்க் குளோரைடு கரைசலால் பாதுகாப்புப் பூச்சு போடுகிறேன். 12 மி.மீ. விட்டம், 250 மைக்ரான் தடிமன் லித்தியம் வட்டு. வேலை ஆர்கான் குளோவ் பாக்ஸில் (ஆர்கான் வாயு நிறைத்த, கையுறை பொருத்திய மூடிய பெட்டி). ஈரம், ஆக்சிஜன் இரண்டும் 1 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் 0.5 மோலார் ஜிங்க் குளோரைடு, வட்டுக்கு 30 மைக்ரோ லிட்டர். ஒரு நிமிடம் விட்டு, அதே கரைப்பானில் மூன்று முறை அலசல். ஓரம் கறுப்பாகவும் நடுவே வெள்ளியாகவும் நிற்கிறது; தொட்டால் செதிலாக உரிகிறது. இருபக்கமும் லித்தியம் வைத்த காயின் செல்லில் (பொத்தான் வடிவச் சோதனை பேட்டரி) ச.செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர், மணிக்கொரு முறை திசை மாற்றம். 150 மணி வரை 40 மில்லி வோல்ட், பிறகு சட்டென்று 8. மின்தடை குறைந்தது நல்லதுதானே?

பதில் 1:
இல்லை, அது ஷார்ட். லித்தியம் முள் வளர்ந்து, இரு மின்முனைகளையும் பிரிக்கும் தாளான செபரேட்டரைத் தாண்டிவிட்டது. பூச்சு மெல்ல மெல்லப் பதப்பட்டால் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும், ஒரே சுற்றில் குதிக்காது. மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான மின்தடை) அளவெடுங்கள்: வரைபடத்தில் அரைவட்டம் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு அரைச் சுற்றின் தொடக்கத்திலும் வரும் மேடு மறைந்து, கோடு சதுரமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். 150 மணிக்கு மேல் உள்ள தரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் 2:
திட்டுக்குக் காரணம் மேல்தோல். கடையிலிருந்து வரும் லித்தியத்தின் மேல் கார்பனேட், ஹைட்ராக்சைடு, ஆக்சைடு படிந்திருக்கும். அது போகாத இடத்தில் ஜிங்க் ஏறாது. ஈரமில்லா ஹெக்ஸேனால் துடைத்து, நைலான் பிரஷ்ஷால் வெள்ளியாக மின்னும் வரை தேயுங்கள். பிறகு இரண்டு பாலிப்ரொப்பிலீன் தாளுக்கு இடையில் வைத்து உருட்டுங்கள்; எஃகு உருளை நேராகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும். உடனே பூச்சு.

0.5 மோலார் மிக அதிகம். 30 மைக்ரோ லிட்டரும் வினைபுரிந்தால் ஆறேழு மைக்ரான் தடிமன் வரும், அதுதான் உரிகிறது. 0.1 மோலாரில் ஒரு மைக்ரான் சொச்சம். அந்தத் தடிமனில் பெரும்பங்கு லித்தியம் குளோரைடு, அது இந்தக் கரைப்பானில் ஓரளவு கரையும். மூன்று முறை அலசினால் பாதுகாப்பையே கழுவி ஊற்றுகிறீர்கள். ஒரு முறை, சில சொட்டு போதும்.

ஓரக் கறுப்பு, சொட்டு காயும்போது கரைபொருள் விளிம்புக்கு ஓடுவதால். செபரேட்டர் துண்டு ஒன்றை மேலே விரித்து, அதன் வழியாக நனையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஒப்பீட்டுக்கு வந்தபடியே உள்ள லித்தியத்தை வைத்திருக்கிறேன்.

பதில் 2:
அது தப்பு. தேய்த்து உருட்டி, பூச்சு மட்டும் போடாத வட்டு வேண்டும். பல நேரம் முன்னேற்றத்தில் பாதி பிரஷ்ஷின் வேலைதான்!

பதில் 3:
இன்னொன்று. ச.செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர் மணி என்றால் நகர்வது சுமார் 4.85 மைக்ரான் லித்தியம். 250 மைக்ரான் தாளில் இழப்பே தெரியாது. 50 மைக்ரான் தாளுடன் லித்தியம் இரும்பு பாஸ்பேட் நேர்மின்முனை வைத்துப் பாருங்கள். சார்ஜ் அந்தப் பொருளின் உச்ச கொள்ளளவான கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டியும் முடியாமல் ஓடினால் உள்ளே கசிவு. தேய்த்த துகளைத் தண்ணீரில் போடாதீர்கள். ஐசோபுரப்பனாலில் சிறிது சிறிதாக, திறந்த பாத்திரத்தில், ஆய்வகப் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்) கரையுங்கள்.