காலை வெயில்: வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரம் பொருந்துமா?

கேள்வி: தாழம்பூ

நண்பர்களுக்கு வணக்கம். என் தந்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கே அவருக்குக் கண் சொருகிவிடும். மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்து, அதன்பின் தூக்கம் பிடிக்காமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகளோ இரவு இரண்டு மணிவரை புரண்டு புரண்டு படுக்கிறாள். விடுமுறை நாளென்றால் பத்து மணிக்கு முன் எழுவதில்லை. எழுந்தவுடன் இளவெயிலில் சிறிது நேரம் நின்றால் தூக்கம் ஒழுங்காகும், கூடவே வைட்டமின் டி-யும் கிடைத்துவிடும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். இது உண்மையா? உண்மையென்றால், முன்கூட்டியே தூங்கும் ஒருவருக்கும் தாமதமாகத் தூங்கும் ஒருவருக்கும் ஒரே வெயில் எப்படி மருந்தாக முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாலே போதுமா, வெளியே போகத்தான் வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

செங்காந்தள்

தாழம்பூ அவர்களுக்கு வணக்கம். தோலின் வேலையும் கண்ணின் வேலையும் அந்தக் காணொளிகளில் ஒன்றாகக் கலந்துவிட்டன. கண்ணைப் பற்றி எழுத இங்கே வேறு நண்பர்கள் இருக்கிறார்கள்; நான் தோலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வைட்டமின் டி உருவாவதற்குத் தேவையானது கண்ணுக்குத் தெரியும் ஒளி அன்று. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர்தான். அது தோலில் படும்போது அங்குள்ள 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் பொருள் முதலில் முன்வைட்டமினாகவும், பிறகு உடல் சூட்டிலேயே வைட்டமின் டி3 ஆகவும் மாறுகிறது. கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றமடைந்த பிறகே அது உடலுக்குப் பயன்படும் வடிவத்தை அடைகிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து, நீண்ட தொலைவு வர வேண்டியிருப்பதால், வழியில் ஓசோன் இந்தக் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே உடலுக்கு இதமான அந்த இளவெயிலில் வைட்டமின் டி-க்கு வேண்டிய சரக்கு மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக விழும் நேரத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது தோராயமான, ஆனால் எளிதில் கைகொடுக்கும் கணக்கு. சாதாரண ஜன்னல் கண்ணாடியும் புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இந்த விஷயத்தில் பயனில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கக் கிளம்பிவிட வேண்டாம். முன்வைட்டமின் ஓரளவு சேர்ந்ததும், மேற்கொண்டு விழும் கதிர் அதையே செயலற்ற வேறு பொருள்களாக மாற்றத் தொடங்கிவிடுகிறது; அதற்குமேல் நின்றால் தோலுக்குச் சேதம்தான் மிச்சம். கருமையான தோலில் உள்ள மெலனின் இதே கதிரை உறிஞ்சுவதால் அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படும். குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், வெயிலை வைத்து ஊகிப்பதைவிட இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே சரியான வழி.

முல்லைவனம்

செங்காந்தள் தோலின் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தாழம்பூ கேட்டிருக்கும் நடுக் கேள்வி, அதாவது ஒரே வெயில் இருவேறு ஆட்களுக்கு எப்படி மருந்தாகும் என்பது, மிக நல்ல கேள்வி. பெரும்பாலான காணொளிகள் அதைக் கேட்பதே இல்லை.

எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று உடலுக்குச் சொல்லும் உடல் கடிகாரம் என்பது சூரியனுக்கு உடல் காட்டும் வெறும் எதிர்வினை அன்று; உள்ளேயே ஓடுகிற ஒன்று. 1729-ஆம் ஆண்டில் டி மெய்ரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கிச் செடியை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பகலில் இலை விரிவதும் இரவில் கூம்புவதும் இருட்டிலும் நிற்கவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1832-இல், கண்டோல் என்பவர் அதே செடியைத் தொடர்ந்து கவனித்தபோது, அதன் சுழற்சி 24 மணிநேரமாக இல்லாமல் 22 அல்லது 23 மணிநேரமாக இருப்பதைக் கண்டார். வெளியிலிருந்து ஏதோ ஒரு குறிப்பு செடிக்கு எட்டுகிறது என்றால் சுழற்சி சரியாக 24 மணிநேரமாக அல்லவா இருக்க வேண்டும்? அந்தச் சிறிய வேறுபாடுதான் கடிகாரம் செடியின் உள்ளே இருக்கிறது என்பதற்குக் கிடைத்த வலுவான சான்று. பழ ஈயில் இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுவைப் பிரித்தறிந்து அதன் இயங்குமுறையை விளக்கியதற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களின் கடிகாரம் செடிக்கு நேர்மாறாகச் சற்று மெதுவாக ஓடுகிறது. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வக நிலையில் அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று 1999-இல் கண்டறிந்தார்கள். 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்னும் பிரெஞ்சு இளைஞர் கடிகாரமோ நாள்காட்டியோ இல்லாமல் ஒரு நிலத்தடிக் குகையில் இரண்டு மாதம் தங்கியிருந்துவிட்டு செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தார். அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. மனம் நாள் கணக்கை இப்படித் தவறவிட்டிருந்தாலும், அவர் உறங்கி விழித்த குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது உடல் 24 மணிநேரத்தைச் சற்றே தாண்டிய சுழற்சியை விடாமல் காத்திருந்தது தெரியவந்தது.

இப்படி நாள்தோறும் சில நிமிடங்கள் பின்தங்கும் கடிகாரத்தைத் திருத்துவது கண் வழியே வரும் ஒளி. ஆனால் பார்ப்பதற்கு உதவும் செல்கள் மட்டுமே இந்த வேலையைச் செய்வதில்லை. பார்வையை முற்றிலும் இழந்தவர்களில் சிலருக்கு, கண்ணில் பிரகாசமான ஒளி பட்டதும் மெலட்டோனின் என்னும், இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனின் சுரப்பு குறைவதை 1995-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்கான விளக்கம் 2002-இல் கிடைத்தது: விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் தானாகவே ஒளியை உணர்கிறது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியில்தான் அதற்கு உணர்வு அதிகம். அங்கிருந்து செல்லும் செய்தி, மூளையின் ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்பணுக்களே கொண்ட மையக் கடிகாரத்தை அடைகிறது.

இனி இருவேறு ஆட்கள் விஷயம். ஊஞ்சலைத் தள்ளும் நேரத்தைப் பொறுத்து அதே தள்ளல் வேகத்தைக் கூட்டவும் செய்யும், தடுத்து நிறுத்தவும் செய்யும் அல்லவா? ஒளியும் அப்படித்தான். நம் உடல் வெப்பநிலை இரவில் படிப்படியாக இறங்கி, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மணிநேரம் முன்பு, ஏறத்தாழ அந்த அளவில், அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்தப் புள்ளிக்குப் பின் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தை முன்னால் நகர்த்தும். மறுநாள் தூக்கமும் விழிப்பும் சீக்கிரம் வரும். அதற்கு முன்பு, மாலையிலும் இரவிலும் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். எனவே எந்த நேரத்து வெயில் என்பதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; அவரவர் உடலின் நேரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கார்த்திகைப்பூ

ஜன்னலா வெளியா என்ற கேள்விக்கு மட்டும் என் பதில். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, திரையை மேல்நோக்கி வைத்தபடி வீட்டுக்குள் நடந்து பாருங்கள். துல்லியமான கருவி அன்று என்றாலும் இதற்குப் போதும். நன்றாக விளக்கெரியும் அறையின் நடுவில் என் செயலி 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றே காட்டுகிறது. ஜன்னலை ஒட்டிப் பிடித்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதே ஜன்னலிலிருந்து இரண்டு எட்டு உள்ளே வந்தவுடன் எண் சரிந்துவிடுகிறது. வாசலுக்கு வந்தால், மேகம் மூடிய நாளிலும் பல ஆயிரம் லக்ஸ். தெளிந்த வானில் நேர் வெயில் 1,00,000 லக்ஸை எட்டக்கூடும்.

இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்கு ஏன் உறைப்பதில்லை என்றால், கண்மணி சுருங்கியும் விழித்திரை தன் உணர்திறனைக் குறைத்துக்கொண்டும் எல்லா இடத்தையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகக் காட்டிவிடுகின்றன. பார்வைக்கு இது பெரிய வசதி; ஆனால் வீட்டுக்குள்ளேயே பகலைக் கழிப்பவருக்குத் தாம் அரையிருட்டில் இருக்கிறோம் என்பதே தெரிவதில்லை. செங்காந்தள் சொன்ன கண்ணாடித் தடை இங்கே பொருந்தாது, ஏனெனில் கடிகாரத்துக்கு வேண்டிய நீல ஒளியைக் கண்ணாடி நன்றாகவே உள்ளே விடும். இங்கே தடையாக இருப்பது தொலைவு. ஜன்னலை ஒட்டி வெளிப்புறம் பார்த்து உட்கார முடிந்தால் நல்லது. வெளியே போக முடிந்தால் அதைவிட நல்லது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய தேவை எந்த நேரத்திலும் இல்லை, பார்க்கவும் கூடாது. சில காணொளிகள் உதய சூரியனை உற்றுப் பார்க்கச் சொல்வது விழித்திரைக்கு ஆபத்தான அறிவுரை.

அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் சிலரை ஒரு வாரம் மின்விளக்கின்றிக் கூடாரத்தில் தங்கவைத்து ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பொருத்தமானது. அவர்களின் மெலட்டோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் முன்னதாகத் தொடங்கிவிட்டது. இரவு வெகுநேரம் விழித்திருக்கும் வழக்கமுள்ளவர்களிடம் மாற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது.

தாழம்பூ

மூவருக்கும் நன்றி. அப்படியென்றால் என் மகளை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுப்பி வெளியே அழைத்துச் சென்றால் விரைவில் பலன் கிடைக்குமா? தந்தை தினமும் சூரியன் உதித்ததும் நடக்கப் போகிறார். அது அவருக்கு நல்லதா, கெட்டதா?

முல்லைவனம்

ஐந்து மணி வேண்டாம். இரண்டு மணிக்குத் தூங்கிப் பத்து மணிக்குத் தானாக விழிக்கும் ஒருவருக்கு உடல் வெப்பநிலையின் அடிமட்டம் காலை எட்டு மணியை ஒட்டி இருக்கும். ஐந்து மணி என்பது அவருடைய உடலுக்கு இன்னும் நள்ளிரவுதான். அப்போது கண்ணில் கூசும் ஒளி பட்டால் கடிகாரம் மேலும் பின்னால் போகவே வாய்ப்பு அதிகம். இப்போது இயல்பாக விழிக்கும் நேரத்திலேயே முதலில் வெளியே வரட்டும்; அதிலிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை கால்மணி, அரைமணி என்று விழிக்கும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள். மாலைக்குப் பிறகு வீட்டு விளக்குகளைத் தணித்து வைப்பது இதில் பாதி வேலையைச் செய்யும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பதின்ம வயதில் உடல் கடிகாரம் பின்னோக்கி நகர்ந்து, இருபது வயதை ஒட்டி அதிகபட்சத் தாமதத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. இதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை.

தந்தையின் நிலை இதற்கு நேரெதிர். முதுமையில் கடிகாரம் முன்னோக்கி நகர்வது வழக்கம். உதய நேர வெளிச்சம் அதை மேலும் முன்னே இழுக்கும். நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அதை, அல்லது அதன் ஒரு பகுதியையாவது, மாலை நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். சூரியன் மறையும்வரை வெளியே இருந்துவிட்டு, வீடு திரும்பியபின் எட்டு மணிவரை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுவதோ படிப்பதோ உதவும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பெரிய விளக்கைப் போடாமல் இருப்பதும் முக்கியம். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளடைந்து நீல ஒளியைத் தடுப்பதால் இளையவர்களைவிட அவருக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும். கண்புரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மூச்சுத் திணறல், மனச்சோர்வு போன்றவையும் அதிகாலை விழிப்புக்குக் காரணமாகலாம் என்பதால், மாலை வெளிச்சத்தால் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீலாம்பல்

மாலை வெளிச்சம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சேர்க்கை. "நீல ஒளி வடிகட்டும்" மூக்குக்கண்ணாடியை மகளுக்கு வாங்கிக் கொடுத்தால் போதுமே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினி வேலையால் வரும் கண் சோர்வை இந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை. தூக்கத்துக்கு உதவுமா என்பதில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. விலை கொடுத்து வாங்குவதற்கு இது போதுமான காரணமாக எனக்குப் படவில்லை.

கைப்பேசித் திரையை மட்டும் குற்றவாளியாக்குவதும் மிகை. படுக்கும் முன் நான்கு மணிநேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சிட்ட புத்தகத்தைப் படித்தவர்களைவிடத் தூக்கம் வர ஏறத்தாழ பத்து நிமிடம் கூடுதலாக ஆனது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. மெலட்டோனின் சுரப்பு ஒன்றரை மணிநேரம் தள்ளிப்போனதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஆனால் அவர்கள் பகலெல்லாம் மங்கிய அறையிலேயே இருந்தவர்கள். மறு ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், பகலில் ஆறரை மணிநேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்கள் மாலையில் இரண்டு மணிநேரம் திரையில் படித்தபோது, புத்தகம் படித்தவர்களிடமிருந்து அவர்களுடைய மெலட்டோனின் அளவில் வேறுபாடு தெரியவில்லை. இரவில் மகளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், பகலில் அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்று கார்த்திகைப்பூ சொன்ன செயலியை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.