ட்ராக்கர் இல்லாமல் ஓரியன் நெபுலா: நட்சத்திரம் கோடாகிறது, பின்னணியில் கீறல் விழுகிறது

முக்காலி
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஏபிஎஸ்-சி கேமரா (முழு ஃப்ரேமைவிடச் சின்னச் சென்சார்), 135 மிமீ லென்ஸ், சாதாரண ட்ரைபாட் இருக்கின்றன. வானம் நகர்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் இப்போதைக்கு வாங்க முடியாது. நேற்றிரவு ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை 60 படம் எடுத்தேன். நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்று சொல்லும் '500 விதி'ப்படி 500-ஐ லென்ஸின் 135-ஆல் வகுத்தால் 3.7, அதனால் படத்துக்கு 4 விநாடி. எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக இல்லை. படங்களை ஒன்றாக்கும் டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் சேர்த்த பிறகு, பின்னணி முழுக்கச் சாரல் அடித்த மாதிரி சாய்வான கீறல்கள் வேறு. நடுவில் நெபுலாவின் இளஞ்சிவப்பு லேசாகத் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு விட மனசு வரவில்லை. எங்கே தப்பு?

கிழக்குவானம்
அந்தக் கணக்கில் கிராப் ஃபேக்டரை (சின்னச் சென்சாரால் காட்சி குறுகும் அளவு) விட்டுவிட்டீர்கள். 135-ஐ 1.5-ஆல் பெருக்கிவிட்டு வகுங்கள், இரண்டரை விநாடி வரும்.

ஒளிசேர்ப்பவன்
இரண்டரையும் அதிகம்தான். ஐந்து வருடமாக ட்ரைபாடில் மட்டுமே எடுக்கிறேன், 500 விதியை நம்பி நானும் பல இரவுகளை இழந்திருக்கிறேன். இன்றைய சென்சாரின் சின்னப் பிக்சலுக்கு அது பொருந்தாது. நேரடியாகவே கணக்குப் போடலாம். வான நடுக்கோட்டருகே நட்சத்திரம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) நகரும். ஓரியன் நெபுலா அந்தக் கோட்டுக்கு 5 டிகிரி தெற்கே இருப்பதால் கிட்டத்தட்ட முழு வேகம். உங்கள் பிக்சல் 4 மைக்ரான் என்றால், 135 மிமீ லென்ஸில் ஒரு பிக்சலுக்கு 6 ஆர்க்செகண்ட். 4 விநாடியில் நட்சத்திரம் 10 பிக்சல் ஓடிவிடும். 1 விநாடி வையுங்கள், இரண்டரைப் பிக்சல்தான். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் 41 டிகிரி வடக்கில் இருப்பதால் வேகம் குறைவு, அங்கே 1.3 விநாடி வரை போகலாம்.

1 விநாடியில் என்ன பதியும் என்று தோன்றும். தனிப்படத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். எண்ணிக்கைதான் இங்கே எல்லாம். 100 படம் சேர்த்தால், தற்செயல் இரைச்சலோடு ஒப்பிட சிக்னல் 10 மடங்கு மேலே வரும். நீங்கள் சேர்த்தது மொத்தம் 4 நிமிட ஒளி. குறைந்தது 1,000 படம் எடுங்கள். தானாகவே அடுத்தடுத்துப் படமெடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டர் இருந்தால் கை வலிக்காது.

அந்தச் சாய்வுக் கீறல்தான் முக்கியமான விஷயம். சென்சாரில் சில பிக்சல்கள் எப்போதும் சற்றுக் கூடுதலாக ஒளிரும். வானம் ஒரே திசையில் நகர்கிறது. மென்பொருள் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது, அசையாத அந்தப் பிக்சல்கள் எதிர்த்திசையில் வரிசையாக நடந்து கோடாகிவிடும். இதைத்தான் 'வாக்கிங் நாய்ஸ்' என்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டகத்தைத் திரும்ப அமையுங்கள். ஒவ்வொரு முறையும் நெபுலாவை வேறு வேறு உயரத்தில், சட்டகத்தின் கிழக்குப் பாதியில் வையுங்கள். அது தானாக மேற்கே நகர்ந்து வரும். கடைசியில் லென்ஸை மூடி, அதே விநாடி, அதே ஐஎஸ்ஓ-வில் 30 டார்க் (மென்பொருள் கழிப்பதற்கான இருட்டுப் படம்) எடுங்கள். கேமரா வீட்டுக்குள் வந்து சூடாவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ரா ஃபைலில் (கேமரா சுருக்காத மூலப் பதிவு) தானே எடுக்கிறீர்கள்?

முக்காலி
ரா ஃபைல்தான். ஃபோகஸும் சந்தேகமாக இருக்கிறது. லென்ஸின் முடிவிலிக் குறியில் வைத்தேன்.

ஒளிசேர்ப்பவன்
அந்தக் குறியை நம்பாதீர்கள். ரைகெல் மாதிரி பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். புள்ளி மிகச் சிறிதாகிற இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிறுத்துங்கள். பிறகு வளையத்தில் டேப் ஒட்டுங்கள். ஒருமுறை டேப் ஒட்டாமல் விட்டு, சட்டகம் மாற்றும்போது கை பட்டு, 400 படம் மங்கலாகப் போனது எனக்கு.

முக்காலி
மூன்று இரவு கழித்து எழுதுகிறேன். 1,120 படம், 1 விநாடி, எட்டு முறை சட்டகம் மாற்றினேன். கீறல் போய்விட்டது! நெபுலாவின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிவது தெரிகிறது, மேலே ரன்னிங் மேன் என்ற பக்கத்து நெபுலாவின் நீலம்கூட மெலிதாக வந்திருக்கிறது. மூலைகளில் மட்டும் இருட்டாக இருக்கிறது.

ஒளிசேர்ப்பவன்
மனசு நிறைந்துவிட்டது. அந்த இருட்டு விக்னெட்டிங், அதாவது லென்ஸ் ஓரங்களுக்கு ஒளி குறைவாக வருவது. ஃபோகஸையும் அப்பெர்ச்சரையும் தொடாமல், லென்ஸ்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தைப் பார்த்து 20 ஃப்ளாட் (ஓர இருட்டைச் சரிசெய்ய உதவும் சீரான வெளிச்சப் படம்) எடுத்துச் சேருங்கள்.