1980-களின் கடன் நெருக்கடியில் தென்கொரியா ஏன் விழவில்லை? விளக்க முடியுமா?

நண்பர்களே, வளரும் நாடுகளின் தொழில் கொள்கை பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகள் இறக்குமதிக்கு உயர்ந்த வரி போட்டு உள்நாட்டு ஆலைகளை வளர்த்தன. ஆரம்பத்தில் பலன் கிடைக்கத்தான் செய்தது. கூடவே வெளிநாட்டுக் கடனும் ஏறியது. அப்புறம் 1982-இல் மெக்சிகோ அந்தக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததும் லத்தீன் அமெரிக்காவே ஆட்டம் கண்டது.

சரி, தென்கொரியாவும் வெளிநாட்டுக் கடனை அள்ளித்தானே வாங்கியிருந்தது? அங்கேயும் உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் இறக்குமதி வரி உண்டு, மலிவு வட்டிக் கடனும் உண்டு. ஆனால் ஏற்றுமதி செய்து காட்டும் நிறுவனங்களுக்கே சலுகை. வட்டி கட்ட டாலர் வந்துகொண்டிருந்ததால்தான் தப்பித்தது என்பது என் ஊகம். (இவ்வளவு எளிதாக இருக்காது என்றும் உறுத்துகிறது.) 1950-களின் நிலச் சீர்திருத்தத்துக்கும், கல்விக்கும் இதில் எவ்வளவு பங்கு? பொருளாதாரம் படித்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன். என் ஊகம் தவறென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.