புதுப்பிப்பு: ஐப்பசி மழையில ஆயாவோட ஏலகிரி

அடைமழை நேரத்துல, முட்டிவலி இருக்கிற ஆயாவை ஏலகிரிக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேணாம்னீங்க. போயிட்டு வந்துட்டோம்.

வேலூர்ல இருந்து விடியக்காலையில வேன், 11 பேர். மலைக்கு மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதுலயே அத்தை பையன் வாந்தி. எலுமிச்சம்பழம் முகரக் கொடுங்கன்னு சொன்ன புண்ணியவானே, வேலைக்கு ஆகல.

புங்கனூர் ஏரிக்குப் போனா கொட்டுது மழை. படகுச் சவாரி ஆசை அதோட சரி. வேன் கதவைப் பாதி திறந்து வெச்சுட்டு, கட்டிட்டுப் போன புளிசோத்தைப் பிரிச்சோம். ஆயா இலைப் பொட்டலத்தை மடியில வெச்சு, உருண்டை பிடிச்சு ஒவ்வொருத்தர் கையிலயும் வெச்சாங்க. ஓரமா உக்காந்திருந்த என் வீட்டுக்காரரும் கை நீட்டினார். கல்யாணமாகி ஆறு வருஷம், எங்க வீட்டு ஆளுங்களோட கூச்சமில்லாம அவர் சாப்பிட்டது அன்னைக்குத்தான்.

திரும்பும்போது ஆம்பூர்ல பிரியாணி. அதைப் பத்தி புதுசா என்ன சொல்ல? தொட்டுக்க வர்ற கத்திரிக்காயை மட்டும் ஆயா ரெண்டு தடவை கேட்டு வாங்கினாங்க.

"இன்னாடி, ஏரியையே பாக்கலயே, மறுபடி எப்போ?"ன்னு இப்போ தினமும் நச்சரிப்பு. முட்டிவலியா? அவங்களுக்கு ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் ரெண்டு நாளா இடுப்பு பிடிச்சிருக்கு.