குடும்ப விசா: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் குழப்பம்

கடையநல்லூர்க்காரன்:
அண்ணாச்சிமாரே, எனக்கு ஷார்ஜாவில் வேலை, சம்பளம் 4,500 திர்ஹம். வீட்டுக்காரியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வரணும். மகனுக்கு 7 வயசு. அவன் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் அவ அத்தா இனிஷியலோட இருக்கு, அவ பாஸ்போர்ட்டில் என் பெயரோட இருக்கு. லேமினேட்டும் பண்ணியாச்சு. மகளுக்கு ஒன்றரை வயசு, சான்றிதழில் பெயரே ஏறலை. எங்கே தொடங்க?

பாளை பஸ் ஸ்டாண்ட்:
மகள் பெயரில் தொடங்கும். ஒரு வருஷத்துக்குள் என்றால் இலவசம். இப்ப தாமதக் கட்டணம் 200 ரூபாய். 15 வயசு வரை ஏற்றலாம். பிள்ளை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு இருக்கும். பிரசவம் பாளையில் என்றால் நெல்லை மாநகராட்சிக்குத்தான் போகணும். கடையநல்லூர் நகராட்சியில் வரிசையில் நின்று பிரயோஜனம் இல்லை. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் மட்டும்தான் ஆதாரம். அதனால் பெயர் ஏறாமல் பாஸ்போர்ட் வேலையில் கையை வைக்காதீர்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து, உங்க பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடும். ஒற்றைப் பெயரோட வருகிறவர்களை அமீரகம் 2022 நவம்பரில் இருந்து தடுக்குது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் விடுகிறார்கள், ஆனாலும் அந்த வம்பு எதுக்கு? அனெக்ஸர் டி-யில் (பிள்ளை பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் கொடுக்கிற உறுதிமொழிப் படிவம்) அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேணும். 4 வயசுக்குக் கீழே என்றால் போட்டோவை நாமே கொண்டு போகணும், வெள்ளைப் பின்னணி. கட்டணம் 1,000 ரூபாய். 8 வயசுக்குக் கீழே 10 சதவீதம் தள்ளுபடி.

மகன் சான்றிதழில் மாவட்டம் திருநெல்வேலி என்று இருந்தால் அது பிழை இல்லை. தென்காசி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆச்சு. அதை மாற்றுகிறேன் என்று அலையாதீர்.

மேலப்பாளையம் டைப்பிங்:
லேமினேட் பண்ணினதில் அட்டஸ்டேஷன் (சான்றிதழ் உண்மைதான் என்று அரசு உறுதி செய்கிறது) முத்திரையும் ஸ்டிக்கரும் ஏறாது. உரிக்கப் பார்த்தால் தாள் கிழியும். புது நகல் எடுத்துக்கிடும், அப்படியே அம்மா பெயரையும் சரி பண்ணும். கல்யாணச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் காட்டி மனு கொடுத்தால், பதிவேட்டின் ஓரத்தில் திருத்தம் எழுதித் தருவார்கள். இதை அட்டஸ்டேஷனுக்கு முன்னாடியே முடிக்கணும். முத்திரை குத்தின பிறகு ஓர் எழுத்து மாறினாலும் மொத்தச் செலவும் மறுபடி.

வரிசை இது: சென்னையில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம் (நேரே வாங்க மாட்டார்கள், அவர்கள் நியமித்த ஏஜென்சி வழியாக), பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரகத்திலேயே அவர்கள் வெளியுறவு அமைச்சகம். "அப்போஸ்டில் போதும்" என்று ஊரில் சொல்வார்கள் (ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கிற சான்று அது). அது சவுதிக்கு (2022 டிசம்பரில் இருந்து), ஓமனுக்கு, பஹ்ரைனுக்குச் சரி. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கல்யாணச் சான்றிதழுக்கும் இதே வரிசைதான். ஜமாஅத் பதிவுப் புத்தக நகல் மட்டும் போதாது, சார்பதிவாளர் பதிவு வேணும். இரண்டையும் அரபியில் சட்ட மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கணும்.

கடையநல்லூர்க்காரன்:
4,500 போதுமா? விசிட் விசாவில் கூட்டி வந்து உள்ளேயே மாற்றிக்கிடலாமா?

மேலப்பாளையம் டைப்பிங்:
போதும். 4,000 திர்ஹம், அல்லது கம்பெனி வீடு கொடுத்தால் 3,000. வாடகை ஒப்பந்தம் உங்க பெயரில், பதிவான ஒப்பந்தமாக இருக்கணும். பெட் ஸ்பேஸ் ரசீது செல்லாது. விசிட்டில் வந்து உள்ளேயே மாற்றலாம், தனிக் கட்டணம் உண்டு. ஆனால் அட்டஸ்டேஷன் முடியாமல் கூட்டி வந்தால் விசிட் நாள் ஓடிப்போய் அபராதம் ஏறும். என்ட்ரி பெர்மிட்டில் வந்தால் இறங்கின நாளில் இருந்து 60 நாள் இருக்கு. மருத்துவச் சோதனை 18 வயசுக்கு மேலேதான், பிள்ளைகளுக்குக் கிடையாது.

பாளை பஸ் ஸ்டாண்ட்:
விசா அடித்த பிறகு பிள்ளைகளை ஆறு மாசத்துக்கு மேல் ஊரில் விட்டுவிடாதீர். பள்ளிக்கூட லீவு, கல்யாணம், கந்தூரி என்று நாள் நீண்டு 180 தாண்டினால் ரெசிடென்ஸ் காலாவதி ஆகிவிடும்.

மகனுக்கு டிசி வாங்கும்போதே கல்வி அதிகாரியின் மேலொப்பமும் வாங்கிடும். கோடை லீவில் ஆபீஸில் ஆளைப் பிடிக்கிறது கஷ்டம்.

கடையநல்லூர்க்காரன்:
சரி அண்ணாச்சி. திங்கட்கிழமை மச்சானை மாநகராட்சிக்கு அனுப்புகிறேன்.