மறு: 'ஹார்டி' ரோஜாவுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளித் தோட்ட மன்றத்துக்காக வெளிநாட்டு ரோஜாக் கையேடு ஒன்றைச் சுருக்கித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எதையும் தாங்கி நிற்கும் செடியைச் சொல்லும் 'ஹார்டி' (hardy) என்ற ஆங்கிலச் சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். 'கடினமான ரோஜா' என்று எழுதிப் பார்த்தேன். 8-ஆம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "வளர்க்கக் கடினமா டீச்சர்?" என்று கேட்டாள். பொருள் அப்படியே தலைகீழாகப் போய்விட்டது. உதவுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

~

டீச்சருக்கு,

முதலில் ரோஜா என்ற சொல்லையே விட்டுவிடுவோம். முளரி இருக்கிறதே. வன்மை உடைய முளரி வன்முளரி. அது பிடிக்காவிட்டால் உரமுளரி. உரம் என்றால் திண்மை. 'உரமொருவற் குள்ள வெறுக்கை' என்பது 600-ஆவது குறள். செடியின் உள்ளுறுதியைச் சொல்ல இதைவிட நல்ல சொல் நமக்கு வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

~

அண்ணாச்சி,

நான் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவன். உரமுளரி என்று பலகை எழுதினால் உரம் போட்டு வளர்த்த ரோஜா என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். அந்தக் குறளே உரம் இல்லாதவரை மரம் என்கிறது. அப்படியென்றால் மரத்துக்கு உரம் இல்லை என்பதுதானே வள்ளுவர் கணக்கு? வன்முளரி என்றால் வன்முறை ஞாபகம் வருகிறது. முளரியும் தகராறுதான். புறநானூறு 278-இல் 'முளரி மருங்கின் முதியோள்' என்று வரும் முளரி தாமரை. தாமரையை வெயிலில் நட்டு வைக்கச் சொல்லப் போகிறோமா?

டீச்சர், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கையேட்டில் ஹார்டி என்றால் குளிரைத் தாங்குவது. அமெரிக்க வேளாண்துறை, ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையைச் சராசரி பார்த்து நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதை வைத்துத்தான் அங்கே ஹார்டி என்கிறார்கள். கனடாவில் 'எக்ஸ்ப்ளோரர்' வரிசை ரோஜாக்களை உறைபனிக்கென்றே உருவாக்கினார்கள். 'வில்லியம் பாஃபின்' அதில் ஒன்று.

வள்ளியூரில் செடியைக் கொல்வது பனியா? வெயில், உவர்த் தண்ணீர், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று. பணகுடிப் பக்கம் காற்றாலை நட்டதே அந்தக் காற்றுக்காகத்தானே. ஓசூரிலிருந்து வரும் ஒட்டு ரோஜாக்களில் பல எங்கள் பண்ணையில் இரண்டாவது கோடையில் பட்டுப்போகின்றன. ஒட்டுக்குக் கீழே, வேருக்காக வைத்த காட்டு ரோஜாவிலிருந்து கிளம்பும் தளிர் மட்டும் செழிப்பாக நிற்கும், ஆட்கள் அதையே ரோஜா என்று நம்பித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். எட்வர்டு ரோஸும் பன்னீர் ரோஸும் நிற்கின்றன. சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். அந்த மண்ணுக்கு வேறு செடி பார்க்க வேண்டும்.

எதைத் தாங்குகிறது என்று சொல்லாத சொல் பிள்ளைகளை ஏமாற்றும். குளிர்தாங்கி, வெயில்தாங்கி, உப்புதாங்கி, காற்றுதாங்கி என்று பிரித்தே எழுதுங்கள். கையேட்டில் உள்ளவை குளிர்தாங்கி. நமக்கு வேண்டியவை மற்ற மூன்றும்.

வள்ளியூரிலிருந்து

~

தாங்கி என்றதும் எனக்குச் சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பாதையோரத்தில் நட்டு வைப்பார்கள். நெற்கட்டு சுமந்து வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். சின்ன வயதில் எங்கள் ஆச்சியோடு போகும்போது அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் போவோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சுமைதாங்கி நமக்காகத் தாங்குகிறது. இடிதாங்கியும் கட்டடத்துக்காகத்தான் இடியை வாங்கி மண்ணுக்கு அனுப்புகிறது. அந்த வழக்கில் வெயில்தாங்கி என்றால் பந்தல், குடை. ரோஜா தானே வெயிலில் நின்று பொறுத்துக்கொள்கிறது. அதனால் 'வெயில்பொறுக்கும் ரோஜா' என்பேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் மாறாது.

தென்காசியிலிருந்து

~

இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் உப்புதாங்கியில் வல்லினம் மிகவில்லை. அது சரி. ஆனால் வெயில்தாங்கி தவறு. 'லள வேற்றுமையில் றடவும்' என்கிறது நன்னூல். கல், தாழை சேர்ந்தால் கற்றாழை. அதுபோல வெயிற்றாங்கி என்றே வரவேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

~

அண்ணாச்சி, கால்தடத்தைக் காற்றடம் என்று யார் எழுதுகிறார்கள்? பிள்ளை 'வெயிற்றாங்கி' என்று படித்தால் வயிறு என்று நினைத்துக்கொள்ளும்.

வள்ளியூரிலிருந்து

~

எல்லோருக்கும் நன்றி. தென்காசி ஐயா சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருந்தாலும் வேளாண் துண்டறிக்கைகளில் 'வறட்சியைத் தாங்கி வளரும்' என்றே பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். குளிர்தாங்கி, வெயில்தாங்கி, உப்புதாங்கி, காற்றுதாங்கி நான்கையும் போட்டுவிட்டேன். ரோஜா ரோஜாவாகவே இருக்கிறது. முதல் பக்கத்தில் 'தாங்கி என்பது இங்கே செடியைக் குறிக்கும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எட்வர்டு ரோஸ் பற்றி வள்ளியூர் அண்ணன் எழுதியதையும் அவர் சம்மதித்தால் சேர்க்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

~

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். பதியன் குச்சி வேண்டுமென்றால் ஐப்பசி மழை தொடங்கியதும் பிள்ளைகளை அனுப்புங்கள்.

வள்ளியூரிலிருந்து

~

அச்சாகட்டும். மறுபதிப்பிலாவது வெயிற்றாங்கி என்று திருத்திக் கொடுங்கள் டீச்சர். முளரியை நான் இன்னும் விடவில்லை. தாமரைக்கும் முட்செடிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தனி மடல் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து