அவசரம்: பில் மெஷின்ல பேப்பர் வெள்ளையா வருது, எழுத்தே விழல

அல்சூர்_நிப்பட்டு · காலை 7.50
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா கேக்குறேன், பில் மெஷின்ல பேப்பர் ஓடுது ஆனா எழுத்தே விழல, சும்மா வெள்ளையா வருது. நேத்து ராத்திரி கடை மூடற வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. லைட் எரியுது, கர்ருனு சத்தமும் வருது. நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். தீபாவளி ஆர்டர் வாங்க ஒன்பது மணிக்கெல்லாம் ஆளுங்க வந்துடுவாங்க, முறுக்கு, நிப்பட்டு, அதிரசம்னு எல்லாம் கிலோ கணக்குல. கையில எழுதினா அம்மா எழுதறது ஒன்னு நான் எழுதறது ஒன்னுன்னு சாயங்காலம் கல்லா கணக்கு உதைக்கும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

சிவாஜிநகர்_பாஸ்கி · 7.58
என்ன மெஷின்மா? 2 இன்ச்சா 3 இன்ச்சா? போன்ல இருந்து பில் போடறீங்களா கம்ப்யூட்டர்லயா? ப்ளூடூத்தா வயரா? ரோல் கடைசியா எப்ப மாத்தினீங்க? இது அஞ்சும் சொன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கேஆர்புரம்_ஜெனா · 8.01
கம்ப்யூட்டர்ல இருக்கற பிரிண்டர் டிரைவர் சாஃப்ட்வேர் பிரச்சினை. எனக்கு போன வருஷம் இதேதான். டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப போடுங்க சரியாயிடும்.

மர்ஃபிடவுன்_மூர்த்தி · 8.06
இருபது வருஷமா கடைகளுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. மாடல் இல்ல, போட்டோ இல்ல, ஒன்னும் இல்லாம "வெள்ளையா வருது"ன்னு மட்டும் போட்டா யார் என்ன பண்ண முடியும்? டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்வீங்களா? ரோலைத் தலைகீழா போட்டிருப்பீங்க. எடுத்துத் திருப்பிப் போடுங்க.

ஹோட்டல்கார_தம்பி · 8.09
அக்கா சார்ஜ் பாத்தீங்களா? ப்ளூடூத் மெஷினா இருந்தா பேட்டரி இறங்கிடுச்சுன்னா இப்படித்தான், முதல்ல மங்கும் அப்புறம் சுத்தமா விழாது. லைட் எரியறதை நம்பாதீங்க, லைட்டுக்கு கொஞ்சம் கரன்ட் போதும், எழுத்து அடிக்கற ஹெட்டு சூடாகத்தான் நிறைய வேணும்.

அல்சூர்_நிப்பட்டு · 8.20
சாரி எல்லாருக்கும், கடை திறந்துட்டு இருந்தேன். 2 இன்ச், ப்ளூடூத், போன் ஆப்ல இருந்துதான் பில். கம்ப்யூட்டர் இல்ல. எஸ்பி ரோட்ல வாங்கினது, கம்பெனி பேர் சரியா தெரியல. ராத்திரி பூரா சார்ஜ்லதான் இருந்துச்சு, இப்பவும் சார்ஜர் போட்டுத்தான் ட்ரை பண்றேன். மூர்த்தி சார் சொன்ன மாதிரி திருப்பியும் போட்டுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் வெள்ளைதான்.

மர்ஃபிடவுன்_மூர்த்தி · 8.24
ரெண்டு பக்கமும் விழலன்னா ஹெட் போச்சு. இந்த சின்ன மெஷினுக்கெல்லாம் ஹெட் மாத்தறதும் புதுசு வாங்கறதும் ஒன்னுதான். புதுசு வாங்கிடுங்க.

சிவாஜிநகர்_பாஸ்கி · 8.31
மூர்த்தி சார் அவசரப்படாதீங்க, தீபாவளி நேரத்துல அந்த பொண்ணை செலவுல இழுத்து விடாதீங்க. ஹெட்டு ஒரேடியா போறது அபூர்வம். 2 இன்ச் மெஷின் ஹெட்டுல 384 புள்ளி வரிசையா இருக்கு, மில்லிமீட்டருக்கு 8. கெட்டா ஒன்னு ரெண்டா கெடும், பில்லுல மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா வெள்ளைக் கோடு விழும். நேத்து ராத்திரி பளிச்சுனு அடிச்சது காலையில 384-ம் ஒன்னா செத்துப்போச்சுன்னா, ஒன்னு உள்ள கேபிள் கழன்டிருக்கணும், இல்ல வேற ஏதோ.

அம்மா நீங்க ரெண்டு வேலை பண்ணுங்க, மொத்தமே ரெண்டு நிமிஷம்தான். மெஷினை ஆஃப் பண்ணிட்டு, பேப்பர் தள்ளற பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணுங்க. பெரும்பாலான மெஷின்ல அதுவே ஒரு டெஸ்ட் பில் அடிக்கும், போனே வேண்டாம். அது நல்லா வந்தா தப்பு ஆப்லயோ ப்ளூடூத்லயோ. அதுவும் வெள்ளையா வந்தா போனை மறந்துடுங்க, ஒன்னு பேப்பர் இல்லன்னா மெஷின்.

ரெண்டாவது, பேப்பர்ல ஒரு துண்டு கிழிச்சு மேஜை மேல வச்சு நகத்தால வேகமா ஒரு கீறல் போடுங்க, ரெண்டு பக்கமும். இந்த மெஷின்ல மையே கிடையாது. பேப்பர் மேல ஒரு பூச்சு இருக்கு, சூடு பட்டா அது கருக்கும், அதான் எழுத்து. நகம் உரசற சூட்டுக்கே கருப்புக் கோடு விழும். எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் ஹெட்டைப் பாக்கணும்.

ரோல் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் வரல.

ஸ்ரீராம்புரம்_ஜவுளி · 8.40
இதுக்குத்தான் நான் இன்னும் கார்பன் வச்ச பில் புக்கை விடல. எனக்கு முப்பது வருஷக் கடை. இந்த சூட்டுப் பேப்பர் பில்லை எடுத்துக்கிட்டு ஒரு அம்மா ரெண்டு மாசம் கழிச்சு பட்டுப்புடவை மாத்த வந்தாங்க, பர்ஸ்ல பிளாஸ்டிக் உறைக்குள்ள பத்திரமா வச்சிருந்திருக்காங்க, விரிச்சா ஒன்னுமே இல்ல, மஞ்சப் பேப்பர். அவங்க பொய் சொல்றாங்களா நிஜமான்னு எனக்கு எப்படி தெரியும்? மாத்திக் குடுத்தேன், நம்ம ஜனம்தானேன்னு. அன்னைக்கே மெஷினை மூட்டை கட்டி வச்சுட்டேன்.

ஹோட்டல்கார_தம்பி · 8.44
அண்ணா பிளாஸ்டிக் உறைதான் தப்பு. அதுல இருக்கற கெமிக்கல் பட்டா எழுத்து அழியும். எண்ணெய்க் கையும் அப்படித்தான், எங்க கடையில பரோட்டா மாஸ்டர் பிடிச்ச பில்லுல அவர் விரல் பட்ட இடம் மட்டும் வெளுத்துப் போயிருக்கும். ஆனா கூட்ட நேரத்துல ஒரு பில்லுக்கு மூணு நிமிஷம் கையில எழுத முடியுமா? லைன் ரோட்டுக்கு வந்துடும்.

கேஆர்புரம்_ஜெனா · 8.47
பில்லே போடாம இருக்கறது பெட்டர். பில் போட்டா கணக்கு, கணக்கு இருந்தா ஜிஎஸ்டி நோட்டீஸ். 2025 ஜூலையில நம்ம பெங்களூர்ல பாத்தோமே, டீக்கடை காய்கறிக் கடைக்கெல்லாம் வந்துச்சு. எல்லாரும் கியூஆர் கோடை கிழிச்சுட்டு "கேஷ் மட்டும்"னு அட்டை தொங்கவிட்டாங்க.

வரிக்கணக்கு_மல்லிகா · 8.58
ஜெனா அண்ணா, நீங்க சொல்றது தலைகீழ், இதைக் கேட்டு யாராவது பில் போடறதை நிறுத்திட்டா எனக்கு மனசு கேக்காது அதனால எழுதறேன். அந்த நோட்டீஸ் யாரும் பில் போட்டதுக்காக வரல. யூபிஐல வந்த மொத்தப் பணத்தைப் பாத்து, வரம்பு தாண்டியிருக்கே பதிவு பண்ணலியேன்னு கேட்டு வந்துச்சு. சரக்கு விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம், ஹோட்டல் மாதிரி சேவைக்கு 20 லட்சம். இது லாபம் இல்ல, மொத்த விற்பனை. வெறும் பால், காய்கறி, பூ மாதிரி வரியே இல்லாத பொருள் மட்டும் வித்தா பதிவு வேண்டாம், ஆனா அதோட சிகரெட்டோ பிஸ்கட்டோ கலந்து வித்தா பால் வித்த காசும் சேர்ந்துதான் 40 லட்சக் கணக்கு.

அந்த சமயத்துல என்கிட்ட வந்தவங்கள்ல கஷ்டப்பட்டது யாருன்னா கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதவங்கதான். கடை கியூஆர்லயே சீட்டுப் பணமும் வந்திருக்கு, மச்சான் திருப்பிக் குடுத்த கைமாத்தும் வந்திருக்கு, பொண்ணு கல்யாண மொய்யும் வந்திருக்கு. எது வியாபாரம் எது வீடுன்னு மூணு வருஷம் கழிச்சு பிரிக்க முடியுமா? ஒரு அண்ணன் என் முன்னாடி உக்காந்து போனை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு அழுதுட்டாரு. தயவுசெஞ்சு கடைக்குன்னு தனியா ஒரு கரன்ட் அக்கவுண்ட், தனி கியூஆர், மாசம் ஒரு தடவை ஸ்டேட்மென்ட் டவுன்லோட். இதை மட்டும் பண்ணிடுங்க.

ஸ்ரீராம்புரம்_ஜவுளி · 9.05
மல்லிகாம்மா, அப்ப அழிஞ்சு போற பேப்பர்ல பில் போட்டு என்ன பிரயோஜனம்?

வரிக்கணக்கு_மல்லிகா · 9.11
வாடிக்கையாளருக்குப் போற பேப்பர் அழிஞ்சா அழியட்டும் அண்ணா, நம்மகிட்ட இருக்கற பதிவுதான் முக்கியம். ஜிஎஸ்டி பதிவு இருந்தா வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் கணக்கு வச்சிருக்கணும், 6 வருஷம். ஆப்ல இருக்கற பில்லையெல்லாம் மாசா மாசம் எடுத்து மெயில்லயோ பென்டிரைவ்லயோ போட்டு வையுங்க. போன் தண்ணியில விழுந்து மூணு வருஷக் கணக்கு போனவங்களும் இருக்காங்க. இன்னொன்னு, 200 ரூபாய்க்குக் கீழ வாங்கற சாதாரண ஆளு பில் வேண்டாம்னா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போட வேண்டியதில்ல, ராத்திரி மொத்தமா ஒரே பில் போட்டுக்கலாம்.

கேஆர்புரம்_ஜெனா · 9.15
நீங்க வரி ஆளுங்க அப்படித்தான் சொல்வீங்க. சின்ன வியாபாரி வயித்துல அடிச்சாங்க அதான் உண்மை. அப்புறம் ஏன் அரசாங்கமே பழைய வரி பாக்கி கேக்க மாட்டோம், பதிவு பண்ணிக்கோங்கன்னு இறங்கி வந்தாங்க?

ஹோட்டல்கார_தம்பி · 9.18
ரெண்டு பேரும் நிறுத்துங்க, அக்கா கடையில கூட்டம் வந்திருக்கும். அக்கா கீறிப் பாத்தீங்களா?

அல்சூர்_நிப்பட்டு · 9.52
கூட்டத்துல பாக்க முடியல மன்னிச்சுக்கோங்க, கையிலதான் எழுதிட்டு இருக்கோம். பாஸ்கி அண்ணா டெஸ்ட் பில்லும் வெள்ளைதான். நகத்தால கீறினேன், ரெண்டு பக்கமும் கோடே விழல. டப்பால பழைய ரோல் தீந்த முனை இருந்துச்சு, அதுல கீறினா நல்லா கருப்பா விழுது. ஆமா அண்ணா நேத்து ராத்திரிதான் புது ரோல் போட்டேன், எப்பவும் மாத்தறதுதானேன்னு சொல்லல. பத்து ரோல் கட்டா வாங்கினது, வழக்கமா வாங்கற இடத்துல இல்லைன்னு வேற கடையில, விலை கம்மியா இருந்துச்சு.

சிவாஜிநகர்_பாஸ்கி · 9.57
கிடைச்சுடுச்சும்மா! உங்க மெஷின்ல ஒரு தப்பும் இல்ல. அது பூச்சு இல்லாத வெறும் பேப்பர் ரோல். ரிப்பன் போட்டு டக் டக்னு குத்தி அடிக்கிற பழைய மாதிரி மெஷினுக்கு வர்றது. அகலம் அதே 57 மிமீதான், உள்ள சரியா உக்காரும், ஓடும், வெளியவும் வரும், ஆனா எத்தனை சூடு பண்ணாலும் எழுத்து வராது. தடவிப் பாருங்க, தெர்மல் பேப்பர், அதான் சூடு பட்டா கருக்கற பேப்பர், ஒரு பக்கம் வழவழன்னு லேசா மினுங்கும், இது ரெண்டு பக்கமும் நோட்டுப் புத்தகம் மாதிரி சொரசொரன்னு இருக்கும்.

கட்டு பிரிச்ச ஒரு ரோல் போக மிச்சம் ஒன்பதையும் திருப்பிக் குடுத்து தெர்மல் ரோல்னு கேட்டு வாங்குங்க, கடையிலயே ஒன்னைப் பிரிச்சு நகத்தால கீறிட்டு காசு குடுங்க. இப்ப அவசரத்துக்கு பக்கத்து மெடிக்கல் ஷாப்ல ஒரு ரோல் கடன் கேளுங்க, அவங்க பெரும்பாலும் 3 இன்ச் வச்சிருப்பாங்க, 2 இன்ச்சான்னு பாத்து வாங்குங்க. அப்புறம் ரோல் டப்பாவை எண்ணெய்ச் சட்டி பக்கம் வைக்காதீங்க, அடிக்கறதுக்கு முன்னாடியே பேப்பர் சாம்பல் நிறமாயிடும்.

மர்ஃபிடவுன்_மூர்த்தி · 10.04
நான் முதல்லயே பேப்பர்னுதான் சொன்னேன். புது ரோல் மாத்தினேன்னு முதல் வரியில எழுதியிருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சம். அடுத்த தடவை எல்லாரும் கேள்வி கேக்கும்போது கடைசியா எதை மாத்தினீங்கன்னு மொதல்ல எழுதுங்க, எல்லா ரிப்பேருக்கும் அதுதான் ஆரம்பம்.

ஸ்ரீராம்புரம்_ஜவுளி · 10.08
தலைகீழ்னும் ஹெட்டுன்னும் சொன்னீங்க மூர்த்தி சார், பாஸ்கிதான் கீறச் சொன்னாரு. புதுசு வாங்கச் சொன்னது நீங்க.

கேஆர்புரம்_ஜெனா · 10.20
பாஸ்கி அண்ணா எனக்கு ஒரு டவுட். என் மெஷின்ல கடை பேர் தமிழ்ல போட்டா வெறும் கேள்விக்குறியா வருது, கன்னடமும் அப்படியே. அதுவும் பேப்பரா?

சிவாஜிநகர்_பாஸ்கி · 10.29
இல்ல ஜெனா, அது வேற. மெஷினுக்குள்ள இருக்கற எழுத்து இங்கிலீஷும் இன்னும் சில மொழியும்தான், தமிழ் கன்னடமெல்லாம் பெரும்பாலும் உள்ள இருக்காது. நம்ம எழுத்தை அனுப்பினா அதுக்குப் புரியாம கேள்விக்குறி போடும். ஆப் செட்டிங்ல பில்லை படமா அடிக்கற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கான்னு பாரு. படமா போனா 384 புள்ளி அகலத்துல எதை வரைஞ்சாலும் அடிக்கும், தமிழாவது கன்னடமாவது. கொஞ்சம் மெதுவா அடிக்கும், பேட்டரியும் கொஞ்சம் கூட இழுக்கும். அந்த ஆப்ஷன் இல்லன்னா கடை பேரை மட்டும் லோகோ படமா ஏத்திடு, பொருள் பேரை இங்கிலீஷ்ல விட்டுடு.

அல்சூர்_நிப்பட்டு · மதியம் 1.35
வேற ரோல் போட்டேன், அடிக்குது!! ரொம்ப நன்றி பாஸ்கி அண்ணா. ஆனா பில்லுல இடது பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, விலைல ஒரு எண் பாதி தெரியல. இது நீங்க சொன்ன ஹெட்டா?

சிவாஜிநகர்_பாஸ்கி · 1.41
பயப்படாதீங்க, காலையில வெறும் பேப்பரை ஓட்டிட்டு இருந்தோம்ல, அந்தத் தூசு ஹெட்டுல ஒட்டியிருக்கலாம். ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் ஆற விடுங்க. மொபைல் ரிப்பேர் கடையில ஐபிஏன்னு கேட்டா தெரியும், சர்க்யூட் துடைக்கிற ஸ்பிரிட், மூடியில கொஞ்சம் வாங்கிக்கோங்க. காது குடையற பஞ்சுக் குச்சியில தொட்டு, மூடியைத் திறந்தா பேப்பர் உரசற இடத்துல மெல்லிசா ஒரு கோடு மாதிரி பளபளன்னு தெரியும், அதை ஒரே பக்கமா துடைங்க. நகம், கத்தி, ஊசி எதுவும் வேண்டாம். நல்லா காஞ்சப்புறம் ஆன் பண்ணுங்க. அப்பவும் அதே இடத்துல கோடு இருந்தாத்தான் அந்தப் புள்ளி செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

ஹோட்டல்கார_தம்பி · மாலை 6.15
அக்கா என்னாச்சு?

அல்சூர்_நிப்பட்டு · இரவு 10.48
துடைச்சேன், கோடு போயிடுச்சு. ரோல் கடைக்காரர் ஒன்பதும் மாத்திக் குடுத்துட்டாரு, அவருக்கே வித்தியாசம் தெரியாதாம், அவர் முன்னாடியே கீறிக் காட்டினேன். அம்மா எல்லாருக்கும் முறுக்கு எடுத்து வைக்கச் சொன்னாங்க, அல்சூர் பக்கம் வந்தா வாங்க.